அழிறப்பரும் இரண்டாம் பிரதியும்

சப்ரகமுவத் தோட்டத்து லயத்திலிருந்து பாடசாலைக்குப் போகும் சின்னப் பிள்ளையின் பையில் பென்சிலோடு ஒரு துண்டு அழிறப்பரும் இருக்கும். பெரும்பாலும் அது முழுதாக இருக்காது. ஒன்றை வாங்கி இரண்டாக வெட்டி அக்காளுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி என்று கொடுத்திருப்பார்கள். எழுத்தைத் திருத்துவதற்கு அந்தப் பிள்ளையின் கைக்கு வரும் முதற் கருவி அதுதான்.

கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தக் கருவி அந்நியமானதன்று. பென்சில் கோட்டை மரப்பாலிலிருந்து கிடைக்கும் ஒரு பிசின் நன்றாக அழிக்கிறது என்று ஆங்கிலேய அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி 1770இல் குறித்துவைத்தார். தேய்த்து அழிக்கும் அந்த வேலையிலிருந்துதான் ஆங்கிலத்தில் அதற்கு ‘றப்பர்’ என்ற பெயரே வந்தது. 1876இல் அத்தகைய பிசினைத் தரும் பிரேசில் மரத்தின் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, கன்றுகளாகக் கப்பலேறி கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் இறப்பர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மலையடிவாரங்களில் பரவியது. யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் புலத்கொஹுபிட்டியவிலும் பால் வெட்டும் குடும்பங்கள் நாலைந்து தலைமுறையாக அந்த மரங்களோடு வாழ்கின்றன. எழுதியதை அழிக்கும் பொருள் அவர்கள் வெட்டும் மரத்திலிருந்து வந்த கதையைப் பாடசாலையில் சொன்னால் பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள்.

அழிறப்பரால் எதை அழிக்கலாம்? ஓர் எழுத்தை, மிஞ்சினால் ஒரு சொல்லை. ‘ள’வை அழித்து ‘ழ’ போடலாம். ஒரு பத்தியைத் தூக்கி இன்னோரிடத்தில் வைக்க அதனால் முடியாது. இன்னும் சொல்ல வேண்டியது என்ன என்று அது கேட்காது. அழுத்தித் தேய்த்தால் தாள் கிழியும் என்பதால் பிள்ளை நாளடைவில் அழிக்கவும் அஞ்சுகிறது. மேல் வகுப்புக்கு வந்து பேனை பிடித்ததும் அழிறப்பர் ஒதுங்கிவிடுகிறது, அதன் இடத்தில் ஆசிரியரின் சிவப்புப் பேனை வந்து உட்காருகிறது. கருவி மாறினாலும் வேலை மாறுவதில்லை. எழுத்துப் பிழையோடு தொடங்கி எழுத்துப் பிழையோடு முடிகிறது.

கட்டுரைப் பாடம் எப்படி நடக்கிறது என்பது தோட்டப் பாடசாலையில் படித்தவர்களுக்குத் தெரியும். கரும்பலகையில் ஒரு தலைப்பு: நான் விரும்பும் பெரியார், எனது பாடசாலை, மரம் வளர்ப்போம். பிள்ளை வகுப்பிலோ வீட்டிலோ எழுதி, கட்டுரைக் கொப்பியை மேசையில் அடுக்குகிறது. சில நாள் கழித்துக் கொப்பி திரும்பி வருகிறது. ‘ந’வுக்கும் ‘ன’வுக்கும், ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் சுழியிட்டு, விடுபட்ட ஒற்றைச் சேர்த்து, கீழே பத்துக்கு ஆறோ ஐந்தோ போட்டிருக்கும். அதன் கீழ் பிள்ளை ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு, அடிக்கோடிட்டு, பிழையான ஒவ்வொரு சொல்லையும் ஐந்து முறை எழுதுகிறது. பிறகு புதுத் தலைப்பு. பழைய கட்டுரையைப் பிள்ளையும் பார்ப்பதில்லை, ஆசிரியரும் பார்ப்பதில்லை.

பத்து வருடத்துக்கு மேல் இப்படிப் படித்த பிள்ளைக்குத் ‘திருத்தம்’ என்ற சொல்லின் பொருள் ‘ஐந்து முறை எழுதுவது’ என்றாகிவிடுகிறது. நல்ல சொல் அது. நிலத்தைத் திருத்துவது என்றால் கல் பொறுக்கி, மேடு வெட்டி, வரம்பு கட்டி, விளையத் தக்கதாக ஆக்குவது. கட்டுரைக் கொப்பியில் அது தண்டனையின் பெயராகச் சுருங்கியது எனக்கு ஆறாத வருத்தம்.

இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்ப் பாட ஆசிரியருக்கு நான்கு வகுப்பு, வகுப்புக்கு முப்பது பிள்ளை என்று வைத்தால் 120 கொப்பிகள். ஒவ்வொன்றிலும் எல்லாப் பிழைக்கும் சுழிபோட ஐந்து நிமிடம் என்றால் 600 நிமிடம், அதாவது பத்து மணித்தியாலம். ஒரு தலைப்புக்கே இவ்வளவு. அப்படி உழைத்துத் திருத்திக் கொடுத்த கொப்பியில் பிள்ளை பார்ப்பது புள்ளியை மட்டும். ஆசிரியரின் பத்து மணித்தியாலமும் அந்த ஒரு பார்வையில் கரைந்துபோகிறது.

உலகின் மற்றப் பகுதிகளிலும் நிலைமை இதுதானா என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் நான்சி சோமர்ஸ் 1980இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் முதலிற் பேசப்படுவது. அவர் இருபது முதலாண்டுப் பல்கலைக்கழக மாணவரையும், எழுத்தைத் தொழிலாகக் கொண்ட இருபது பெரியவர்களையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவரும் மூன்று கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் இருமுறை திருத்தி எழுதினார்கள். மாணவர்கள் சொல்லை மாற்றினார்கள். ஒரே சொல் இரண்டு முறை வந்தால் ஒன்றுக்கு வேறு சொல் போட்டார்கள், நீளமானதை வெட்டினார்கள், அதோடு திருத்தம் முடிந்தது என்று நினைத்தார்கள். பழகிய எழுத்தாளர்களோ தாங்கள் என்ன சொல்ல வந்தோம் என்பதையே இரண்டாம் பிரதியில்தான் கண்டுபிடித்தார்கள். வாசிக்கப் போகும் ஒருவரை மனதில் இருத்தி, அவர் இந்த இடத்தில் என்ன கேட்பார் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார்கள். தூக்கி வைத்தார்கள், கூட்டினார்கள், முழுப் பத்தியையும் விட்டார்கள்.

சோமர்ஸ் ஆராய்ந்த பாஸ்டன் மாணவருக்கும் பலாங்கொடையில் படிக்கும் பிள்ளைக்கும் இதில் வேறுபாடில்லை. குறை பிள்ளையினதாக இருந்தால் இரண்டு கண்டத்திலும் ஒரே மாதிரி இருக்குமா? திருத்துவது என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் காட்டவில்லை.

கனடாவில் கார்ல் பெரைட்டரும் மார்லின் ஸ்கார்டமாலியாவும் 1980களில் செய்த சோதனை இதை இன்னும் தெளிவாக்கியது. எழுதிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு பிள்ளையை நிறுத்தி, சிறு அட்டைகளிலிருந்து பொருத்தமான ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். வாசிப்பவருக்கு இது புரியாமற் போகலாம், இதை நம்பமாட்டார்கள், இது சரியாகத்தான் இருக்கிறது என்ற வகையான குறிப்புகள் அவற்றில் இருந்தன. எந்த வாக்கியத்தில் கோளாறு என்று பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடித்தார்கள். அதை எப்படிச் சீராக்குவது என்ற இடத்தில்தான் தடுமாறினார்கள். பிள்ளைக்குக் காது இருக்கிறது, கைக்குத்தான் பழக்கம் இல்லை. பழக்கத்தைக் கொடுக்கலாம். ஸ்டீவ் கிரகாமும் டொலோரஸ் பெரினும் 2007இல் அமெரிக்காவில் நாலாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான எழுத்துக் கற்பித்தல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, திட்டமிடவும் திருத்தவும் நேரடியாகச் சொல்லிக்கொடுத்த வகுப்புகள் மிகப் பெரிய பயனைக் காட்டின. இலக்கணத்தைத் தனியே எடுத்துப் பயிற்றிய வகுப்புகளிலோ எழுத்து மேம்படவில்லை.

இதை நாம் மேற்கிலிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், ஒரு நூலில் இருக்கக் கூடாத குற்றங்கள் பத்து என்று வகுத்தது. அந்தப் பத்தையும் ஒருமுறை சிவப்புப் பேனையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொல்லே பிழையாக அமைவது அவற்றுள் ஒன்று, வழூஉச்சொல் புணர்த்தல் என்பது அதன் பெயர். மீதி ஒன்பதும் வேறு விஷயங்கள்: சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது, வேண்டாததைக் கூட்டுவது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப் பின் முரண்படுவது, எடுத்த பொருளை விட்டு இன்னொன்றை விரிப்பது, பொருளற்ற சொல்லை அடுக்குவது, நன்றாகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிவது முதலியன. சோமர்ஸின் பழகிய எழுத்தாளர்கள் எதைத் திருத்தினார்களோ அதற்கெல்லாம் நம்மிடம் எழுநூறு வருடத்துக்கு மேலாகப் பெயர் இருக்கிறது. நமது வகுப்பறைகள் அந்தப் பத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்பதைக் கைவிட்டுவிட்டன.

இதை ஒரு கட்டுரையில் காட்டுகிறேன். எந்தப் பிள்ளையின் கொப்பியிலிருந்தும் இதை நான் எடுக்கவில்லை, விளக்கத்துக்காக நானே அமைத்தேன். இதைப் போன்ற கொப்பிகளை ஆசிரியர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். தரம் 8, தலைப்பு ‘எனது அம்மா’.

“இறப்பர் எமது நாட்டின் முக்கிய ஏற்றுமதிப் பயிராகும். இது கேகாலை, களுத்துறை, இரத்தினபுரி ஆகிய மாவட்டங்களில் பயிரிடப்படுகின்றது. எனது அம்மா இறப்பர் தோட்டத்தில் வேலை செய்கின்றார். அவர் காலையில் வேலைக்குச் செல்வார். அவர் மிகவும் கஸ்டப்படுகின்றார். இறப்பரில் இருந்து டயர், செருப்பு, கையுறை என்பன செய்யப்படுகின்றன. ஆகவே நாம் இறப்பரைப் பாதுகாப்போம்.”

சிவப்புப் பேனை இதில் ஒரேயொரு பிழையைக் காணும். ‘கஸ்டப்படுகின்றார்’ என்பதில் ‘ஸ்’ஸைச் சுழித்து ‘ஷ்’ போடும். கீழே கஷ்டப்படுகின்றார், கஷ்டப்படுகின்றார் என்று ஐந்து முறை.

இனி அதே பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, கொப்பியை மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்போம்: “அம்மா கஷ்டப்படுறாங்கன்னு எழுதியிருக்க. மழை பெஞ்சா என்ன செய்வாங்க?”

“மழை பெஞ்சா வெட்ட ஏலாது சேர். மரம் நனைஞ்சிருந்தா பால் சிரட்டைக்குள்ள விழாம பட்டையோட வழிஞ்சிரும். அம்மா நாலு மணிக்கே எந்திரிச்சு வாசல்ல நின்னு வானத்தப் பாப்பாங்க. வெட்டு இல்லாட்டி பேரும் இல்லதானே.”

‘பேர்’ என்றால் தோட்டத்தில் அன்றைய வேலைக்கான பதிவு, அதாவது அன்றைய சம்பளம். இவ்வளவும் பிள்ளைக்குத் தெரியும். கொப்பியில் ஒன்றும் இல்லை. “இப்ப சொன்னியே, அதை எழுதிக்கொண்டு வா” என்று அனுப்பினால் இப்படி ஒன்று வரும்:

“விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா லயத்து வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். மழை பெய்தால் அன்று பால் வெட்ட முடியாது. மரம் நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குள் விழாமல் பட்டையோடு வழிந்துவிடும். வெட்டு இல்லாத நாளில் பேர் இல்லை. மழை இல்லாவிட்டால் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு இருட்டோடு மலைக்குப் போவார். இறப்பரில் இருந்து டயர், செருப்பு, கையுறை என்பன செய்யப்படுகின்றன. அம்மா மிகவும் கஷ்டப்படுகின்றார்.”

டயரும் செருப்பும் இன்னும் நிற்கின்றன. பாடப் புத்தகத்திலிருந்து வந்தவை அவை, அவற்றை விட்டால் புள்ளி குறையுமோ என்ற பயம் பிள்ளைக்கு இருக்கும். இப்போது பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும். டயர் வரும் இடத்தில் வாசிப்பவள் தானாகவே தடக்குவாள். எழுதியவனும் அதைக் கேட்பான். நன்னூல் இதற்கு வைத்த ‘மற்றொன்று விரித்தல்’ என்ற பெயரை அந்த நிமிடம் சொல்லிக்கொடுத்தால் அது ஆயுளுக்கும் மறக்காது. அடுத்து, கடைசி வாக்கியம் வேண்டுமா என்று கேட்கலாம். நாலு மணிக்கு எழுந்து வானத்தைப் பார்க்கும் தாயைக் காட்டியபின் கஷ்டப்படுகிறார் என்று சொல்ல வேண்டியதில்லை என்று பிள்ளையே அதை வெட்டிவிடும்.

ஐந்து முறை எழுதவைத்தோமே, அந்தச் சொல் கட்டுரையில் இருக்கவே வேண்டியதில்லை. இருக்கக் கூடாத வாக்கியத்தின் எழுத்துப் பிழையைத் திருத்துவதில் ஆசிரியரின் நேரமும் பிள்ளையின் நேரமும் போய்விட்டன. எழுத்துப் பிழை திருத்துவதும் சந்தி பார்ப்பதும் அவசியந்தான், ஆனால் அவை கடைசியில் வர வேண்டிய வேலை. எந்த வாக்கியங்கள் நிற்கப் போகின்றன என்று தெரிந்த பிறகு, நிற்பவற்றுக்கு மட்டும் செய்ய வேண்டிய வேலை.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் அட்கின்சன் என்ற சிற்றூர்ப் பாடசாலையில் டொனால்ட் கிரேவ்ஸும் அவருடைய உடனாய்வாளர்களும் 1978 முதல் 1980 வரை தங்கியிருந்து பார்த்தது இதைத்தான். ஆறேழு வயதுப் பிள்ளைகூட, தான் எழுதியதைப் பற்றி ஒருவர் அக்கறையோடு கேள்வி கேட்டால், மறுபடி எழுதுகிறது. பொருளைப் பற்றிக் கேட்க வேண்டும், பிழையைப் பற்றியல்ல என்பதே கிரேவ்ஸ் ஆசிரியர்களுக்குச் சொன்னது.

மேலே உள்ள இரண்டாம் பிரதியில் லயம், வெட்டு, பேர் என்ற சொற்கள் வந்தன. சில வகுப்பறைகளில் இவையும் சிவப்புச் சுழிக்குள் விழும். ‘பேச்சு வழக்கு’ என்று ஓரத்தில் எழுதப்படும். லயத்தை ‘தொடர் குடியிருப்பு’ என்று மாற்றச் சொல்வார்கள். பெரட்டு, கவ்வாத்து, கொழுந்து, கங்காணி, புள்ளக்காம்பரா போன்ற சொற்களுக்கு ஈடான சொல் பாடநூற்றமிழில் கிடையாது, ஏனென்றால் அந்தப் பொருள்கள் அந்தத் தமிழின் வாழ்க்கையில் இல்லை. மலையகத்தின் எழுத்தாளர்கள் இந்தச் சொற்களைக் கூசாமல் எழுதித்தான் இலக்கியம் செய்தார்கள். தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. அந்த வாழ்க்கையை அதன் மொழியிலேயே சிறுகதையாகவும் நாவலாகவும் எழுதிய தெளிவத்தை ஜோசப்புக்கு 2013இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது. அவர்களுடைய கதைகளைப் பாடமாக வைத்துக்கொண்டே அவர்களுடைய சொற்களைப் பிள்ளையின் கொப்பியில் வெட்டுவது நியாயமில்லை. பேச்சு வினைமுற்றை எழுத்து வினைமுற்றாக்கச் சொல்லிக்கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ‘பாப்பாங்க’ என்பது ‘பார்ப்பார்’ ஆகலாம். லயம் லயமாகவே இருக்கட்டும்.

சப்ரகமுவவில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நுவரெலியா மாவட்டத்தைப் போலத் தோட்டத் தமிழர் செறிந்து வாழும் பகுதியன்று இது. தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. கடைத்தெருவில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் பிள்ளை பேசுவது சிங்களம். தமிழ்மொழிப் பாடசாலை தூரமென்றால் சிங்களமொழிப் பாடசாலைக்கே போகிறது. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் 1983இலும் நடந்த வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் வடக்குக்கும் இந்தியாவுக்கும் பெயர்ந்தன. எஞ்சிய சிறு பாடசாலைகளில் தமிழ் எழுதும் பிள்ளைக்குத் தன் எழுத்தை வாசிக்க ஆசிரியரைத் தவிர வேறொருவர் கிடைப்பதே அரிது. எழுதியதை யாரும் வாசிக்கப் போவதில்லையென்றால் அதைத் திருத்தி எழுதப் பிள்ளைக்கு என்ன தேவை இருக்கிறது?

எழுதியதை வெட்டித் திருத்த அஞ்சும் பழக்கத்துக்குப் பாடசாலைக்கு வெளியிலும் ஒரு வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். தோட்டத்து மக்களின் வாழ்க்கையில் எழுத்து என்பது நெடுங்காலமாக விண்ணப்பப் படிவம்தான். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. ஆவணம் போதாது, விவரம் ஒத்துப்போகவில்லை என்று தள்ளப்பட்டவை ஏராளம். பிறப்புச் சான்றிதழில் பெயரின் ஓரெழுத்து மாறியதால் அடையாள அட்டைக்கும் சேமலாப நிதிக்கும் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் இன்றும் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். வெட்டுப்பட்ட படிவம் செல்லாத படிவம். அப்படியொரு வீட்டில் வளரும் பிள்ளைக்கு எழுத்தில் ஒரு கீறல் விழுவது ஆபத்தின் அடையாளமாகத் தெரிவதில் வியப்பில்லை. வெட்டும் கோடும் நிறைந்த பக்கம் உழைத்த பக்கம் என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அதே லயத்தில் இதற்கு நேர்மாறான ஒரு பழக்கமும் இருந்தது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. குடும்பங்கள் பிரிந்தன. அண்ணன் அங்கே, தங்கை இங்கே. கடிதம் மட்டுமே தொடர்பு. எழுதத் தெரியாத பெரியவர்கள் லயத்தில் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்கள். எழுதி முடிந்ததும் பாட்டி சொல்வாள்: “எங்க, திரும்பப் படி.” பிள்ளை படிக்கும். “மாமா செத்தத மொதல்லயே போட்டுட்டியே, அவன் பாவம், அத கடைசில போடு. மாடு கன்னு போட்டத சொல்லவே இல்லையே. இத ரெண்டு தடவ எழுதியிருக்க, ஒண்ணு போதும்.” நீல நிற வான்கடிதத்தாளில் இடம் கொஞ்சம். அதனால் வெட்டியும் சேர்த்தும் ஒரு பழைய தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் நல்ல தாளில் எழுதுவார்கள். தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்கள் பலரின் நினைவில் இது இருக்கும்.

எழுத்தறியாத அந்தப் பாட்டி செய்தது முழுமையான திருத்தம். வரிசையை மாற்றினாள், குறைந்ததைக் கூட்டினாள், கூறியது கூறலைக் கண்டுபிடித்தாள். வாசிப்பவன் மனம் என்ன பாடுபடும் என்று முதலில் நினைத்தாள். பழைய தமிழ்ப் புலவர் தம் நூலை அவையில் அரங்கேற்றியபோதும் நடந்தது அடிப்படையில் இதுவே: உரக்க வாசிப்பது, கேட்பவர் தடை எழுப்புவது, விடை சொல்வது, வேண்டுமானால் மாற்றுவது. லயத்துக் காம்பராவில் பாட்டியே அவையாக இருந்தாள்.

கைத்தொலைபேசி வந்து கடிதம் போனபின் அந்த அவையும் போயிற்று. பாடசாலைதான் அதை மீட்டெடுக்க வேண்டும்.

பாடசாலைக்கு உள்ள தடைகள் எனக்குத் தெரியாதவையல்ல. தோட்டத் துரைமார் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்க வேண்டும் என்று 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொன்னது. எழுத்தும் கணக்கும் கொஞ்சம் தெரிந்தால் போதும் என்ற அளவில்தான் பல தோட்டங்களில் அது நடந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு எடுத்தபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபின்தான் அவை அரசுப் பாடசாலை அமைப்புக்குள் வந்தன. சுவீடன், ஜெர்மனி உதவியோடு கட்டடமும் பயிற்சியும் வந்தன, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. இவ்வளவு பிந்திப் புறப்பட்டவர்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

தாளும் ஒரு தடை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. அந்த வருடம் கொப்பி விலை ஏறியபோது ஒரே கொப்பியை இரண்டு பாடத்துக்குப் பயன்படுத்திய வீடுகள் உண்டு. அந்த நிலையில் இரண்டாம் பிரதி எழுது என்று எப்படிச் சொல்வது? முழுக் கட்டுரையையும் மறுபடி எழுத வேண்டியதில்லை என்பது என் பதில். கொப்பியின் வலப் பக்கத்தில் மட்டும் எழுதி, இடப் பக்கத்தை வெறுமையாக விட்டால் போதும். கேள்விகளும் சேர்ப்புகளும் மாற்றங்களும் இடப் பக்கத்துக்கு வரும், அம்புக்குறி போட்டு இடம் காட்டலாம். பிள்ளை எழுதியது அழியாமல் எதிரிலேயே இருக்கும். வருட முடிவில் கொப்பியைப் புரட்டினால் தன் எண்ணம் மாறி வந்த பாதையைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கும். அழிறப்பரால் காட்ட முடியாதது அதுதான்.

ஆசிரியர் பற்றாக்குறையால் சிறு பாடசாலைகளில் இரண்டு மூன்று தரங்களை ஒரே அறையில் ஒருவரே பார்க்கும் பல்தரக் கற்பித்தல் நடக்கிறது. கணிதத்துக்கு அது பெரும் சுமை. கட்டுரைக்கு அதையே வசதியாக்கலாம். தரம் 3 பிள்ளை எழுதியதைத் தரம் 5 பிள்ளை உரக்க வாசிக்கட்டும். எழுதியவள் தன் வாக்கியத்தை இன்னொரு குரலில் கேட்கட்டும். வாசித்தவர் புரியாத இடத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்கட்டும். அந்த நேரம் ஆசிரியர் தரம் 4க்குப் பாடம் எடுக்கலாம். 120 கொப்பிகளுக்கும் சுழிபோடுவதற்குப் பதிலாக ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதினால் பத்து மணித்தியாலம் இரண்டாகக் குறையும்.

பரீட்சை இருக்கிறதே என்பார்கள். க.பொ.த. சாதாரண தரத்தில் கட்டுரையை ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும், அங்கே இரண்டாம் பிரதிக்கு இடமில்லை. ஆகவே மாதிரிக் கட்டுரையை மனனம் செய்வதே வழி என்று பிரத்தியேக வகுப்புகள் நடக்கின்றன. மனனம் செய்த பிள்ளைக்குத் தலைப்பு சற்று மாறினால் கை நின்றுவிடும். திருத்திப் பழகிய பிள்ளை எழுதும்போதே தேவையற்ற வாக்கியத்தைத் தாண்டிப் போகும், ஏனென்றால் அதற்குள் ஒரு கேட்பவர் குடியேறியிருப்பார். மேலும், பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற ஏற்பாடு நமது முறையில் ஏற்கனவே இருக்கிறது. அதில் முதற் பிரதிக்கும் இரண்டாம் பிரதிக்கும் இடையிலான மாற்றத்துக்குப் புள்ளி கொடுக்கலாம் என்பது என் கருத்து.

தெஹியோவிட்ட, கேகாலை, மாவனெல்லை, இரத்தினபுரி, பலாங்கொடை, நிவித்திகலை, எம்பிலிப்பிட்டிய வலயங்களில் தமிழ்ப் பாடம் கற்பிப்போருக்கும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் தவணையில் ஒரேயொரு கட்டுரையை மட்டும் இரண்டு முறை எழுத விடுங்கள். முதற் பிரதிக்குப் புள்ளி போட வேண்டாம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்கோ பாட்டிக்கோ உரக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் “அது அப்படியில்ல” என்று சொல்கிறார்களோ, அதை இடப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.